நான் போட்ட சோறுதான் அதை விழ வைத்ததா?

கேள்வி: எங்கள் தெருவில் ஒரு வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போனவர்கள், தங்கள் லாப்ரடார் நாயை மொட்டை மாடியில் கட்டிப்போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். குரைப்புச் சத்தம் நின்ற பிறகுதான் எங்களுக்கே உறைத்தது. ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருக்கும். மழைத் தண்ணீரைக் குடித்து உயிரைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. இறக்கிக் கொண்டுவந்தபோது எடை 16 கிலோ, வெறும் எலும்பும் தோலும்தான். மனசு கேட்காமல் பால் சாதமும் பிஸ்கட்டும் வயிறு நிறையக் கொடுத்தேன். இரண்டு நாள் ஆசையாகச் சாப்பிட்டது. மூன்றாம் நாள் காலையில் கால் தள்ளாடி விழுந்தது. தலை தொங்கிவிட்டது, மூச்சு வாங்கியது. அருகிலிருந்த டாக்டர் டிரிப் ஏற்றி, வைட்டமின் ஊசியும் பாஸ்பரஸும் கொடுத்துப் பிழைக்க வைத்தார். இப்போது பத்து நாளாகிறது, நடமாடுகிறது. ஒரு மாதப் பட்டினியில் விழாத நாய், சோறு போட்டதும் ஏன் விழுந்தது? நான் போட்ட சோறுதான் காரணமா? இதன் உடம்பில் எந்த வைட்டமின் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று ரத்தத்தில் பார்க்க முடியுமா? டானிக், மீன் எண்ணெய், ஈரல், இதில் எது கொடுக்கலாம்?

பி.கு. நாய் வந்ததிலிருந்து எங்கள் பூனை கோபித்துக்கொண்டு கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கிறது. நான்கு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. நல்ல குண்டு என்பதால் தாங்கும் என்று விட்டிருக்கிறேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியை, பெரம்பூர்

பதில்:

அம்மா, உங்கள் கடிதத்தில் அவசரமான விஷயம் பின்குறிப்பில்தான் இருக்கிறது. கடிதம் கிடைத்த அன்றே தொலைபேசியில் உங்களிடம் சொல்லிவிட்டேன். மற்ற வீடுகளிலும் இதே தவறு நடப்பதால் இங்கேயும் முதலில் எழுதுகிறேன்.

குண்டுப் பூனை பட்டினியைத் தாங்காது. நாயைவிட, ஒல்லிப் பூனையைவிட அதற்குத்தான் ஆபத்து அதிகம். சாப்பாடு நின்றதும் பூனையின் உடம்பிலுள்ள கொழுப்பு கரைந்து ஈரலுக்குப் போய்ச் சேருகிறது. அதைப் பதப்படுத்தி வெளியே அனுப்பப் புரதம் வேண்டும். அந்தப் புரதம் தினமும் வாய் வழியாக வந்தால்தான் பூனைக்கு உண்டு. அது வராதபோது கொழுப்பு ஈரலுக்குள்ளேயே தேங்கி, சில நாட்களில் ஈரல் வேலையை நிறுத்துகிறது. பித்தம் சரியாக இறங்காததால் வைட்டமின் கே குடலில் உறிஞ்சப்படுவதில்லை. ரத்தம் உறையும் தன்மை கெடுகிறது. பி12-உம் வேகமாகக் குறையும். மனித ஈரலில் பி12 வருடக்கணக்கில் தங்கும். நல்ல ஆரோக்கியமான பூனையின் உடம்பிலோ அது ஏறக்குறைய இரண்டு வாரத்தில் பாதியாகிவிடும், குடல் நோயுள்ள பூனையில் ஒரு வாரம்கூட ஆகாது.

பூனையின் காதுக்கு உட்புறமும் ஈறும் மஞ்சளாக இருக்கிறதா என்று பாருங்கள். மஞ்சள் தெரியாவிட்டாலும், நான்கு நாள் ஆகிவிட்டதால் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும். 'பசித்தால் தானாக வரும்' என்று காத்திருப்பது பூனை விஷயத்தில் உயிரோடு விளையாடுவது.

சரி, இப்போது நாய்க்கு வருகிறேன்.

நீங்கள் கேட்ட கேள்விக்கு மழுப்பாமல் பதில் சொல்வதுதான் மரியாதை. ஆமாம், அந்த இரண்டு நாள் பால் சாதமும் பிஸ்கட்டும்தான் அதை விழ வைத்தன. ஆனால் அது விழும் நிலைக்கு வந்தது கட்டிப்போட்டுவிட்டுப் போனவர்களால். நீங்கள் இறக்கியிருக்காவிட்டால் இன்று அது இல்லை. இரண்டும் உண்மை, இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்ளுங்கள். இதே தவறை ஒரு கால்நடை மருத்துவராக இருந்துகொண்டு நானும் செய்திருக்கிறேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

பட்டினி கிடக்கும் உடம்பில் எல்லா வைட்டமினும் ஒரே சீராக இறங்கிக்கொண்டே போகும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. சத்தில்லாத சாப்பாட்டை வயிறாரச் சாப்பிடுவது வேறு, சாப்பாடே இல்லாமல் கிடப்பது வேறு. சாப்பாடே இல்லாதபோது உடம்பு தன்னையே தின்கிறது. முதல் ஓரிரு நாளில் ஈரலிலுள்ள கிளைகோஜன் என்ற மாவுச்சத்துச் சேமிப்பு தீர்கிறது, அப்புறம் கொழுப்பு, அதோடு கூடவே தசை. தசையும் ஈரலும் கரையும்போது அவற்றுக்குள் இருந்த வைட்டமினும் வெளியே வருகிறது. பட்டினி கிடக்கும் விலங்கு ஒரு வகையில் தன் இறைச்சியைத் தானே சாப்பிட்டு அந்த வைட்டமினை எடுத்துக்கொள்கிறது.

இதற்கு எனக்குத் தெரிந்த தெளிவான உதாரணம் பி6. உடம்பிலுள்ள பி6-இல் பெரும்பகுதி தசையில் ஒரு நொதியோடு ஒட்டிக்கொண்டு இருக்கிறது. ஆய்வுக்கூட எலிகளுக்கு பி6 மட்டும் இல்லாத தீனியை வயிறு நிறையப் போட்டுப் பார்த்தார்கள். தசையிலிருந்த அந்தச் சேமிப்பு அசையவில்லை. எலியைப் பட்டினி போட்டபோதுதான் அது கரைந்து வெளியே வந்தது. வைட்டமின் குறைந்துவிட்டது என்பதற்காக உடம்பு கஜானாவைத் திறக்கவில்லை, பசிக்காகத் தசையை உடைத்தபோது கூடவே வைட்டமினும் வந்தது. பி2-ம் இப்படித்தான். திசுப் புரதம் கரையும்போது அதோடு இருந்த பி2 விடுபட்டு, சாப்பாடே இல்லாத நாட்களிலும் சிறுநீரில் வழக்கத்தைவிட அதிகமாக வெளியேறும். ஒரு சொட்டுகூட உள்ளே போகாதபோது வெளியேறுவது மட்டும் கூடுகிறது என்றால், போவது முழுக்க மூலதனம்தான்.

வைட்டமின் சி-யை நாய், பூனை, ஆடு, மாடு எல்லாம் தாமே ஈரலில் செய்துகொள்ளும். நம்மாலும் குரங்காலும் கினிப்பன்றியாலும் அது முடியாது. ஆனால் அதைச் செய்ய மூலப்பொருள் சர்க்கரை. கிளைகோஜன் தீர்ந்த ஈரலில் அந்தத் தொழிற்சாலையும் மந்தமாகிவிடும். ஏ வைட்டமின் கதை வேறு. அது ஈரலில் மாதக்கணக்கில் கிடக்கும். கோடையில் வைக்கோலை மட்டும் தின்னும் மாடுகள் சில மாதம் தாக்குப்பிடிப்பது, மழைக்காலப் பச்சைப் புல்லில் சேர்த்துவைத்த அந்த ஏ-யை வைத்துத்தான். டி வைட்டமினைப் பற்றி ஒரு வார்த்தை. மாடியில் ஒரு மாதம் வெயிலில் இருந்ததால் டி கிடைத்திருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். நம் தோல்போல நாயின் தோல் வெயிலில் அதைப் போதுமான அளவு தயாரிக்காது, அதற்குச் சாப்பாட்டில்தான் வர வேண்டும்.

இத்தனைக்கும் நடுவில் ஒரு வைட்டமினுக்குக் கஜானா என்று சொல்லும்படி எதுவும் கிடையாது. அது பி1, தயமின். மனித உடம்பு முழுவதிலும் சேர்ந்து அது சுமார் 30 மில்லிகிராம்தான் இருக்கும், உள்ளே வராவிட்டால் இரண்டு மூன்று வாரத்தில் தீரும். நாயின் நிலையும் இதைவிட மேலானது அல்ல. உங்கள் நாய் மாடியிலிருந்து இறங்கியபோதே பி1 அடிமட்டத்தில் இருந்திருக்கும்.

அப்படியானால் ஏன் மாடியில் விழவில்லை? ஏனென்றால் அங்கே பி1-க்குப் பெரிய வேலை இல்லை. சோறு, சர்க்கரை, பிஸ்கட் போன்ற மாவுச்சத்தை எரிப்பதற்குத்தான் பி1 அதிகமாக வேண்டும். கொழுப்பை எரிக்கும் உடம்புக்கு அது குறைவாகவே போதும். பட்டினியில் அடுப்பு மாறிவிட்டது, கொழுப்பு எரிந்துகொண்டிருந்தது, மிச்சமிருந்த கொஞ்சம் பி1-ஐ வைத்து மூளையும் இதயமும் ஓட்டிக்கொண்டிருந்தன. மூளை தன் பங்கைக் கடைசி வரை விட்டுக்கொடுக்காது. எலிகளில் மூளையின் தயமின் ஐந்தில் ஒரு பங்காக இறங்கிய பிறகே தள்ளாட்டம் வெளியே தெரிகிறது. அந்தக் கோட்டுக்குச் சற்று மேலே நின்றுகொண்டிருந்த நாய்க்குத்தான் ஒரு தட்டு பால் சாதம் கிடைத்தது.

சாதம் சர்க்கரையாக மாறி ரத்தத்தில் ஏறியதும் பல நாளாக ஓய்ந்திருந்த இன்சுலின் பாய்கிறது. அது சர்க்கரையைச் செல்லுக்குள் தள்ளும்போது பாஸ்பரஸையும் பொட்டாசியத்தையும் மெக்னீசியத்தையும் கூடவே இழுத்துக்கொண்டு போகிறது. ரத்தத்தில் பாஸ்பரஸ் சரிகிறது. தசைக்குச் சக்தி இல்லை, மூச்சுத் தசை தளர்கிறது, ரத்தச் சிவப்பணுக்கள் உடையத் தொடங்குகின்றன. அதே நேரத்தில் அந்தச் சர்க்கரையை எரிக்கப் பி1 தேடினால் பி1 இல்லை. அதை வேலை செய்ய வைக்கும் மெக்னீசியமும் குறைந்துவிட்டது. நீங்கள் பார்த்த தள்ளாட்டம், தலை தொங்கியது, மூச்சு வாங்கியது எல்லாம் இந்த இரண்டும் சேர்ந்து வந்தவை. உங்கள் டாக்டர் வைட்டமினோடு பாஸ்பரஸையும் கொடுத்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் சரியாகக் கணித்திருக்கிறார், அவருக்கு என் வணக்கம்.

சோற்றுக்கும் பி1-க்கும் உள்ள இந்தத் தொடர்பு முதலில் தெரியவந்ததே விலங்குகளால்தான். 1890-களில் ஜாவாவில் எய்க்மான் என்ற டச்சு மருத்துவர், தீட்டிய வெள்ளை அரிசிச் சோறு தின்ற கோழிகள் கால் தள்ளாடி விழுவதைக் கவனித்தார். தவிட்டைக் கொடுத்ததும் அவை எழுந்தன. அந்த வேலைக்காக 1929-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பின்னால் புறாக்களில் பார்த்தபோது, மாவுச்சத்து அதிகம் தின்ற புறாதான் சீக்கிரம் விழுந்தது. இதில் நம் ஆட்களுக்கும் ஒரு பங்கு உண்டு. மலாயாவில் வேலை செய்த சீனத் தொழிலாளர்களைப் பெரிபெரி நோய் கொத்துக்கொத்தாகச் சாய்த்தபோது, பக்கத்திலேயே இருந்த தமிழர்களுக்கு அது பெரும்பாலும் வரவில்லை. சீனர்கள் தீட்டிய பச்சரிசி சாப்பிட்டார்கள், தமிழர்கள் புழுங்கல் அரிசி சாப்பிட்டார்கள். நெல்லை அவிக்கும்போது தவிட்டிலிருக்கும் பி1 அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. இதற்காக உங்கள் நாய்க்குப் புழுங்கல் அரிசிச் சோறு போட்டிருந்தால் தப்பித்திருக்கும் என்று சொல்ல மாட்டேன். அந்த நிலையில் எந்தச் சோறும் ஆபத்துதான்.

இப்போது என் கதை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றங்கரைப் பகுதிகளிலிருந்து மீட்டுவந்த விலங்குகளைப் பார்க்க நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு மண்டபத்தில் தங்கியிருந்தோம். தண்ணீர் வடிந்து நாளாகியும் பூட்டிய வீட்டுக்குள்ளேயே மாட்டிக்கொண்டிருந்த ஒரு நாட்டு நாயைக் கொண்டுவந்தார்கள். அதற்கு முன்பும் ஒழுங்காகச் சாப்பிட்ட நாயாகத் தெரியவில்லை. அன்று ஓய்வில்லாமல் ஓடிக்கொண்டிருந்ததில், நிவாரணத்துக்கு வந்த சாம்பார் சாதத்தை யாரோ அதற்கு வைத்ததைப் பார்த்தும் நான் தடுக்கவில்லை. சாப்பிடுகிறதே என்று சந்தோஷப்பட்டேன். இரண்டு நாள் கழித்து விடியற்காலையில் அது இறந்துபோனது. வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்தவன் நான். போர் முடிந்து மீட்கப்பட்ட கைதிகள் உணவு கிடைத்த பிறகு செத்ததைப் பாடத்தில் படித்திருக்கிறேன். படித்தது அன்று கைக்கு வரவில்லை. அதன் பிறகு பட்டினி கிடந்த எந்த விலங்கு வந்தாலும், தட்டில் எதுவும் விழும் முன் பி1 ஊசி போட்டாயிற்றா என்றுதான் கேட்கிறேன்.

ஏகாதசி முழுப் பட்டினி இருப்பவர்கள் மறுநாள் துவாதசியில் அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் வைத்துப் பாரணை செய்வதைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு வைட்டமின்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பட்டினிக்கு அடுத்த நாளின் சாப்பாடு தனி என்பது நம் வீடுகளில் தெரிந்திருக்கிறது. வாயில்லா ஜீவனுக்கு மட்டும் அதை மறந்துவிடுகிறோம்.

எவ்வளவு கொடுத்திருக்க வேண்டும் என்று கணக்காகச் சொல்கிறேன், அடுத்த முறை யாருக்காவது உதவும். 16 கிலோ நாய் சும்மா படுத்திருக்க ஒரு நாளைக்குச் சுமார் 560 கலோரி வேண்டும். நீண்ட பட்டினிக்குப் பிறகு முதல் நாள் அதில் கால்பங்குதான் கொடுப்போம், 140 கலோரி. அதாவது இரண்டு அவித்த முட்டை, அதையும் நான்கு வேளையாகப் பிரித்து. 100 கிராம் பிஸ்கட் பாக்கெட் ஒன்றில் மட்டுமே சுமார் 450 கலோரி இருக்கிறது, பெரும்பாலும் மாவும் சர்க்கரையும். முட்டை, வேகவைத்த கோழிக்கறி என்று புரதமும் கொழுப்பும் உள்ள உணவாக ஆரம்பித்து, ஒரு வாரம் பத்து நாளில் படிப்படியாக முழு அளவுக்கு ஏற்றுவோம். நாய் கெஞ்சும், தட்டை நக்கும், உங்கள் முகத்தையே பார்க்கும். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு கையைக் கட்டிக்கொண்டிருப்பதுதான் முதல் வாரத்தில் கஷ்டமான வேலை. இன்னொன்றும் முக்கியம். கணக்கை இப்போதைய எடைக்குப் போட வேண்டும், லாப்ரடார் இருக்க வேண்டிய எடைக்கு அல்ல.

ரத்தத்தில் வைட்டமின் அளவு பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு அந்தச் செலவு வேண்டாம். ரத்தம் என்பது சரக்கு போகும் சாலை, கிடங்கு அல்ல. தசை கரைந்துகொண்டிருக்கும்போது பி6 ரத்தத்தில் சாதாரணமாகவே தெரியலாம். பெரும்பாலான விலங்குகளில் ஏ வைட்டமின் ஈரலில் நிறைய இருந்தும், அதைச் சுமந்து வரும் புரதத்தை ஈரலால் தயாரிக்க முடியாததால் ரத்தத்தில் குறைவாகத் தெரியும். திசுவையே எடுத்துப் பார்த்தாலும் குழப்பம்தான். பட்டினியில் ஈரல் சுருங்கிவிடுகிறது. ஒரு கிராம் ஈரலில் எவ்வளவு என்று அளந்தால் குறையாததுபோல இருக்கும், முழு ஈரலுக்குக் கணக்குப் போட்டால் நிறையக் குறைந்திருக்கும். மூட்டை அரிசியில் பாதியை எடுத்துவிட்டு மீதியைச் சின்னப் பையில் போட்டுக் கட்டினால், பை நிறைந்துதானே தெரியும். பாஸ்பரஸ், பொட்டாசியம், ரத்த அணுக்கள், ஈரல் சோதனை, இவற்றை இந்த வாரம் ஒரு முறை பார்த்துவிடுங்கள். அதுவே போதும்.

டானிக் பற்றி. பி காம்ப்ளெக்ஸ் கொடுக்கலாம், அதிகமானால் பெரும்பாலும் சிறுநீரில் போய்விடும். அளவை உங்கள் டாக்டரே சொல்லட்டும். மனிதர்களுக்கான மல்டிவைட்டமின் மாத்திரையை மட்டும் நீங்களாகக் கொடுக்காதீர்கள், அதில் இரும்பும் டி-யும் இருக்கும். மீன் ஈரல் எண்ணெய் வேண்டாம். ஏ-யும் டி-யும் கொழுப்பில் தங்குபவை, மெலிந்த ஈரலில் கொண்டுபோய்க் கொட்டினால் வெளியேற வழியில்லை. பச்சை மீனும் போடாதீர்கள், பூனைக்கும்தான். சில மீன்களில் பி1-ஐ உடைக்கும் நொதி இருக்கிறது, வேகவைத்தால் அது அழிந்துவிடும்.

ஆட்டு ஈரலைத் தாராளமாக நம்பலாம். ஏ, பி2, ஃபோலேட், பி12 எல்லாம் அந்த ஆடு தனக்காகச் சேர்த்து வைத்ததுதான். ஆனால் வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை, ஒரு சின்னத் துண்டு, வேகவைத்து. கசாப்புக் கடைக்காரர் ரத்தம் ஊறும் என்று சுவரொட்டியையும், அதாவது மண்ணீரலையும், சேர்த்துத் தருவார், அதுவும் அளவோடு இருக்கட்டும். தினமும் ஈரல் தின்று வளர்ந்த பூனைகளை நான் பார்த்திருக்கிறேன். ஏ வைட்டமின் மிதமிஞ்சி, கழுத்து எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி, தலையைத் திருப்ப முடியாமல் உட்கார்ந்திருக்கும்.

இதைப் படிக்கும் மாடு வளர்ப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மாடும் ஆடும் பி வைட்டமின்களை வயிற்றிலுள்ள நுண்ணுயிர்களைக் கொண்டே தயாரித்துக்கொள்ளும். தீனி நின்றால் அந்த நுண்ணுயிர்களும் பட்டினிதான். வெள்ளத்தில் சில நாள் காய்ந்த மாட்டுக்குக் கல்யாண மண்டபத்துச் சோற்றைக் கூடையாகக் கொட்டினால் வயிறு புளித்து, பி1-ஐ உடைக்கும் கிருமிகள் பெருகி, மாடு பார்வை தடுமாறிச் சுவரில் போய் முட்டும். முதலில் வைக்கோல், புல், கொஞ்சம் கொஞ்சமாக.

விட்டுப்போனவர்கள் மேல் புகார் கொடுக்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன், கொடுங்கள். விலங்கைப் பட்டினி போடுவதும் கைவிட்டுப் போவதும் 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவில் குற்றம். இறக்கிய அன்று எடுத்த போட்டோ, எடைச் சீட்டு, டாக்டரின் சீட்டு மூன்றையும் பத்திரமாக வைத்திருங்கள்.

இனி நாய்க்கு வாரம் ஒருமுறை, ஒரே தராசில், ஒரே நேரத்தில் எடை பாருங்கள். மெதுவாக ஏறினால் போதும், அவசரம் இல்லை. தசையும் ஈரலும் திரும்பக் கட்டிய பிறகுதான் அவற்றில் இருக்க வேண்டிய வைட்டமின் தங்க இடம் கிடைக்கும், அதற்குச் சில மாதம் ஆகும். மறுபடியும் தள்ளாட்டமோ, தலை தொங்குவதோ, சிறுநீர் காபி நிறத்தில் போவதோ தெரிந்தால் இரவானாலும் கிளம்பிவிடுங்கள். பூனை சரியாகச் சாப்பிடும் வரை நாயை முன் அறையில் வைத்து, பூனையின் தட்டை உள் அறையில் கதவைச் சாத்தி வையுங்கள். பூனை இன்று எத்தனை கிராம் சாப்பிட்டது என்று நாட்காட்டியில் எழுதி வைத்து, அந்தத் தாளோடு டாக்டரிடம் போங்கள்.